அடுத்த அமாவாசை வரை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எழில்மதி கூடையை இறக்கினால் முதலில் சண்டை, பிறகுதான் மீன் என்று என் வீட்டுக்காரரே கேலி செய்வார். அந்த வாய் உருப்படியாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது என்றால், அது இறால் கம்பெனி வேனிலிருந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளை இறக்கியதற்குத்தான். அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கிறேன். எங்கே ஆரம்பித்தாலும் அது அல்லியிடம் போய் நின்றுவிடுகிறது.

காரைக்கால்மேட்டிலிருந்து கடலோரமாகவே வந்தால் எங்கள் குப்பம். பெரிய ஊர் இல்லை. ஒரு மாரியம்மன் கோயில், எட்டாவது வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம், மீன் ஏலம் விடுகிற கொட்டகை ஒன்று. பைபாஸுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு வெளியூர்க்காரர் இறால் உரிக்கிற இடம் போட்டார். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, நாள் முழுக்க ஐஸ் தண்ணீர். அதற்குக் கம்பெனி என்று பேர். விடியும்போதே வேன் ஊர் முனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். முதலில் பொம்பளைகள் போனார்கள். அப்புறம் அம்மாவோடு மகளும் போனாள். சின்ன விரலாக இருந்தால் ஓடு சுலபமாகக் கழலும் என்று அங்கே இருந்த மேஸ்திரி சொல்வானாம். அவன் விரலை ஒடிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. எட்டாம் வகுப்பு சார் முருகானந்தம் அம்பகரத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். சாது. ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, வருகைப் பதிவு எடுக்கும்போது பாதிப் பேருக்குப் பதில் வருவதில்லை, நான் சொன்னால் ஊரில் கேட்க மாட்டார்கள், நீங்கள் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். என் மகள் பிரதீபா அவரிடம்தான் படிக்கிறாள். சரி சார் என்றேன்.

தெருவுக்கு ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாக ஏறினோம். சில வீட்டில் மோர் கொடுத்தார்கள், சில வீட்டில் வசை கொடுத்தார்கள். உன் வேலையைப் பாருடி என்றவளிடம் இதுதான் என் வேலை என்றேன். கெஞ்சினோம், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டோம். எதுவும் நடக்காதபோது ஒரு காலையில் வேனுக்கு முன்னால் என் மீன் கூடையை வைத்துக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஏத்திட்டுப் போடா பார்ப்போம் என்றேன். டிரைவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை இறக்கிவிட்டான். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் திரும்பின. கை விரலெல்லாம் ஊறி வெளுத்துப் போய், பென்சில் பிடிக்க முடியாமல் வந்து உட்கார்ந்தன. சார் எண்ணெய் வாங்கி வந்து தடவச் சொன்னார். எல்லாரும் வந்தார்கள். அல்லி மட்டும் வரவில்லை.

அல்லி, பெரியநாயகியின் ஒரே பெண். பிரதீபாவும் அவளும் ஒன்றாவதிலிருந்து ஒரே பெஞ்சு. பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. ஊரில் எனக்கு அடுத்து அவளுக்குத்தான் வாய் என்பார்கள். காலையில் கடற்கரையில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று அவள் சொல்லிக் கேட்டால், நேரில் பார்த்தவளுக்கே புதுசாக இருக்கும். காரைக்கால் எஃப்.எம்.மில் பேசுகிற அக்கா மாதிரி ஆவேன் என்று கரண்டியை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு என் அடுப்படியில் நின்று செய்தி வாசிப்பாள். "நேயர்களே, எழிலத்தை வீட்டில் இன்றைக்கும் குழம்பில் உப்பு அதிகம்" என்பாள். அதட்டினாலும் அடங்க மாட்டாள்.

பெரியநாயகியின் புருஷன் கொச்சிப் பக்கம் மீன்பிடி போட்டில் வேலைக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். இவள் கம்பெனிக்குப் போய்த்தான் பிள்ளையை வளர்த்தாள். ஐஸ் தண்ணீரிலும் மருந்துத் தண்ணீரிலும் கிடந்து கிடந்து அவள் கை புண்ணாகிவிட்டது. விரலை மடக்க முடியவில்லை. கம்பெனியில் ஒருத்தி வராவிட்டால் அவள் உட்காரும் இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள், திரும்பக் கிடைக்காது. அதனால் கை ஆறும் வரைக்கும் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்க அல்லியை அனுப்பினாள். நான் போய்க் கேட்டபோது கையை விரித்துக் காட்டினாள். ஆறட்டும் அக்கா, ஆறினதும் நானே போறேன், புள்ளயை அனுப்புறேன் என்றாள். நாங்களும் பொறுத்துப் பார்த்தோம். கை ஆறவில்லை. அவளைத் தெருவில் வைத்துக் கத்தினேன்.

பஞ்சாயத்தாரிடம் சொல்லலாம் என்று எங்களில் யாரோ சொன்னார்கள். எல்லாருக்கும் சரி என்று பட்டது. கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு மிரட்டட்டும், பெரியநாயகிக்கு ஏலக் கொட்டகையில் ஏதாவது உட்கார்ந்த வேலை பார்த்துக் கொடுக்கட்டும். இதைத்தான் கேட்டோம். இவ்வளவுதான் கேட்டோம்.

எங்கள் ஊர் அமாவாசைக்கு அமாவாசைதான் கூடும். அன்றைக்குத்தான் எல்லாப் படகும் கரையில் இருக்கும், எல்லா ஆம்பளைகளும் ஊரில் இருப்பார்கள். தலைவர் பூமிநாதன் மாமா கெட்டவர் இல்லை. அவர் படகில்தான் என் வீட்டுக்காரர் இளையபெருமாள் போகிறார். நாங்கள் சொன்னதைக் கேட்டு மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நம்ம புள்ளைங்க கண்டவன் கொட்டாயில ஐஸ்ல கெடக்குறதா என்றார். கோயில் வாசலில் உட்கார்ந்து எல்லாருமாகப் பேசி, தங்களுக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தார்கள். ஊர்க்கட்டுப்பாடு போட்டார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டும். கட்டுப்பாடு போட்ட வீட்டோடு ஊர் பேசாது. கொடுக்கல் வாங்கல் கிடையாது, நல்லது கெட்டது கிடையாது, பொதுக் குழாயில் தண்ணீர் கிடையாது. பேசினவர் வீட்டுக்கும் அதே கட்டுப்பாடுதான். எங்கள் ஊரில் போலீசுக்குப் பயப்படாதவர்கள் உண்டு, இதற்குப் பயப்படாதவர்கள் கிடையாது. பிள்ளையை வேலைக்கு அனுப்புகிற எந்த வீடானாலும் இதுதான் என்று கோயில் மைக்கில் அறிவித்தார்கள். எந்த வீடானாலும் என்றாலும் அப்படி இருந்தது ஒரே வீடுதான். ஊர் முழுக்கக் கேட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் கூட மெச்சினார்கள். அரசாங்கத்திலிருந்து ஒருவர் வந்து, ஒரு மீனவ கிராமமே சேர்ந்து இப்படி முடிவெடுத்தது பெரிய விஷயம் என்று பூமிநாதன் மாமாவுக்குச் சால்வை போட்டார். ஊர் முனையில் போர்டு வைத்தோம். எங்கள் ஊரில் வேலைக்குப் போகும் குழந்தைகள் இல்லை என்று பச்சை பெயிண்டில் எழுதியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்தான் ஊதுவத்தி ஏற்றினேன்.

பெரியநாயகி பயந்துவிட்டாள். அந்த வாரமே அல்லியைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். பார்த்தீர்களா, ஊர் சொன்னால் நடக்கிறது என்று நாங்கள் கை தட்டாத குறைதான். ஆனால் கட்டுப்பாட்டைப் போட்ட சபைதான் எடுக்க வேண்டும். அடுத்த அமாவாசைக்கு ஊர் கூடி, அந்த வீட்டார் வெற்றிலை பாக்கோடு வந்து விழுந்து கும்பிட்டு, மைக்கில் எடுத்தாச்சு என்று சொன்னால்தான் எடுத்தது. அதுவரைக்கும் அது இருக்கும். அதுவரைக்கும் இருக்கிறது என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

பிரதீபா சாப்பிடாமல் படுத்துக்கொண்டபோதுதான் எனக்கு உறைத்தது. சாயங்காலம் தட்டை வைத்துக் கூப்பிட்டேன், பசிக்கவில்லை என்றாள். என்னடி என்றேன். அல்லி வந்தாளா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். இத்தனை நாள் கழித்து வந்தாளே, நன்றாகப் பேசிக்கொண்டீர்களா என்று கேட்டேன்.

"எப்படிம்மா பேசுறது? ஊர் சொல்லியிருக்குல்ல?" என்றாள்.

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

வகுப்பில் ஒரு பிள்ளை கூட அவளிடம் பேசவில்லை. எல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். கட்டுப்பாடு என்றால் என்னவென்று பால்குடி மறக்கும்போதே தெரிந்துகொண்ட பிள்ளைகள். யாரும் அவளைக் கேலி செய்யவில்லை, கிள்ளவில்லை, திட்டவில்லை. சொன்ன சொல் தவறாமல் ஊர் சொன்னபடி நடந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்து உட்கார்ந்தால் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள். ரப்பர் கேட்டால் காது கேட்காத மாதிரி குனிந்துகொண்டார்கள். இவ்வளவு கீழ்ப்படிதல் இதுகளுக்கு வேறு எதில் இருந்தது?

என்ன நடக்கிறது என்று சாருக்குப் புரியவே இல்லை. அம்பகரத்தூர்க்காரருக்கு எப்படிப் புரியும்? எனக்குப் போன் செய்தார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது. பாடத்தில் ஒருவர் கேள்வி கேட்க இன்னொருவர் பதில் சொல்கிற மாதிரி ஒரு பகுதி இருந்ததாம். அல்லியை எழுப்பிக் கேள்வி வாசிக்கச் சொன்னாராம். வாசித்தாளாம், எப்போதும் போல ரேடியோக்காரி மாதிரி. பதில் சொல்ல ஒவ்வொருவர் பேராகக் கூப்பிட்டாராம். எழுந்து நின்றார்கள், வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அல்லியே குரலை மாற்றிப் பதிலையும் வாசித்தாளாம். அப்புறம் அடுத்த கேள்வி. அப்புறம் அதற்கும் பதில். பக்கம் முடியும் வரை இரண்டு குரலில் அவளே வாசித்து முடித்து உட்கார்ந்தாளாம். எழில்மதி, அந்தப் புள்ளயை என்னம்மா செஞ்சு வச்சிருக்கீங்க என்று கேட்டார்.

நான் பிரதீபாவிடம் நாளைக்குப் போய் அவளோடு பேசு என்றேன். என் வீட்டுக்காரர் வலையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவர் என்னிடம் குரல் உயர்த்துகிறவர் இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. ஒரு மாதம் பொறுக்க முடியாதா, நாளைக்கு நம் வீட்டையும் தள்ளி வைத்துவிட்டால் நான் எந்தப் படகில் போவது, இவளோடு யார் பேசுவார்கள் என்று கேட்டார். பிரதீபா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். விடிந்ததும் மாமாவிடமே போவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த இடத்துக்கே போய்ப் பூமிநாதன் மாமாவைப் பிடித்தேன். பிள்ளைதான் பள்ளிக்கூடம் வந்துவிட்டதே, எடுத்துவிடுங்கள் என்றேன். மாமா முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"எழிலு, நானே எடுத்தேன்னா நாளைக்கு எவன் வேணாலும் எடுப்பான். ஊர் கூடிப் போட்டது. ஊர் கூடித்தான் எடுக்கணும். அமாவாசை வரட்டும்."

"அந்தப் புள்ள அதுவரைக்கும் தாங்காது மாமா. பேசாம இருக்கத் தெரியாத புள்ள அது."

"பள்ளிக்கூடத்துக்குப் படிக்கத்தானே போவுது? பேசவா போவுது?" என்றார்.

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். கிண்டலாகச் சொல்லியிருந்தால் நான் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

நான் தலத்தெருவில் வீடு வீடாக மீன் விற்பவள். அங்கே ஆஸியா பீவி என்று ஒருவர், வாரத்துக்கு நாலு நாள் என்னிடம்தான் வாங்குவார். மகன்கள் துபாயில். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன எழிலு, மீனை விடக் கண்ணு செவந்து கெடக்கு என்றார். சொன்னேன். முழுக்கக் கேட்டார். கையிலிருந்த கிளாத்தி மீனைத் திரும்பக் கூடையில் வைத்தார்.

"யா அல்லாஹ். ஏம்மா, கம்பெனிக்கு அனுப்புனது தாய். கூட்டிட்டுப் போனது அந்த வேன்காரன். அந்தப் புள்ள என்ன தப்பு செஞ்சுச்சு?"

அவ்வளவுதான் கேட்டார். எங்கள் ஊரில் இத்தனை பேரில் ஒருவர் கூட இதைக் கேட்கவில்லை. எப்படிக் கேட்போம்? எங்களுக்கு வீடு என்றால் வீடு. வீட்டில் பிள்ளை தனி, தாய் தனி என்று பிரிக்க எங்களுக்குத் தெரியாது.

கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று வந்துவிட்டது. சாயங்காலம் பள்ளி விட்டதும் அல்லி குடத்தோடு சவுக்குத் தோப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். பொதுக் குழாயில் பிடிக்க முடியாதே, அங்கே ஒரு பழைய அடிபம்பு இருக்கிறது. பின்னாலேயே போனேன். அல்லி என்று கூப்பிட்டேன். நின்றாள். திரும்பவில்லை. நான் முன்னால் போய் நின்று, சாப்பிட்டாயாடி, ரேடியோக்காரி, ஏன் இளைத்துவிட்டாய் என்று கேட்டுக்கொண்டே போனேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு எட்டி என் வாயைக் கையால் பொத்தினாள்.

அந்தக் கையில் இறால் வாடை போயிருந்தது. தேய்ந்த நகங்கள் முளைக்க ஆரம்பித்திருந்தன.

"பேசாதீங்க அத்தை. உங்க வீட்டையும் தள்ளி வச்சுடுவாங்க," என்றாள் ரகசியமாக. "அப்புறம் பிரதீபாகூட யாரும் பேச மாட்டாங்க. அது ரொம்பக் கஷ்டம் அத்தை. அவ தாங்க மாட்டா."

சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள். நான் சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு அழத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் அல்லி பள்ளிக்கூடம் வருவதை நிறுத்திவிட்டாள். வேன் இப்போது ஊர் முனைக்கு வருவதில்லை. பைபாஸ் ஓரம் நிற்கும், அவள் நடந்து போய் ஏறிக்கொள்வாள். கம்பெனிக்குப் போகிற பக்கத்து ஊர்ப் பொம்பளைகளைச் சந்தையில் பார்த்து விசாரித்தேன். உங்க ஊர்ப் புள்ளயா அது, என்னமா பேசுது, மூச்சு விடாம பேசுது, நாங்க சிரிச்சுச் சிரிச்சு இறாலைக் கீழ போட்டுத் திட்டு வாங்குறோம் என்றார்கள். அவர்கள் பிரியமாகத்தான் சொன்னார்கள். யாருமே பேசாத பள்ளிக்கூடத்தை விட எல்லாரும் பேசுகிற ஐஸ் தண்ணீர் அவளுக்கு மேலாகப் போய்விட்டதே.

மறுபடி பூமிநாதன் மாமாவிடம் போனேன். பிள்ளை திரும்ப வேலைக்குப் போகிறது என்றால் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்குவார்கள் என்று பயந்துகொண்டேதான் போனேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னபோது, அவளே இரண்டு குரலில் வாசித்ததைச் சொன்னபோது, மாமா கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். இப்படி ஆவும்னு யாரு கண்டா என்றார். வருகிற அமாவாசைக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துவிடுவோம், நானே அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன் என்றார். காரைக்கால் கடைத்தெருவில் ஒரு புது ஸ்கூல் பை கூட வாங்கி வைத்திருந்தார், நீல நிறத்தில். சரி, இன்னும் கொஞ்ச நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிரதீபா அல்லியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். மாடி வீட்டுப் பூனை குட்டி போட்டது, சார் பஸ்ஸைத் தவறவிட்டு மீன் வண்டியில் வந்தது. மறந்துவிடக் கூடாது என்று என்னிடம் அடிக்கடி சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

அமாவாசை வந்தது. கோயில் வாசலில் ஊர் கூடியது. பிள்ளைகளையும் அன்றைக்கு விரட்டவில்லை, எல்லாம் ஓரமாக நின்றன. நீலப் பை பூமிநாதன் மாமா மடியில் இருந்தது. பெரியநாயகி தனியாக வந்தாள். அல்லியைக் காணோம். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தோம். பெரியநாயகி கை இன்னும் துணி சுற்றித்தான் இருந்தது. அந்தக் கையால் வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு விழுந்தாள். கட்டுப்பாட்டில் இருக்கிறவர் சபையில் வாயைத் திறக்கக் கூடாது, விழலாம், பேச முடியாது. விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு என்ன தெரியும்? அழுகிறாள், அழட்டும் என்று நின்றோம்.

மாமா தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மைக்கை வாங்கினார். பெரியநாயகி வீட்டுக் கட்டுப்பாட்டை ஊர் எடுத்துவிட்டது, இனிமேல் எல்லாரும் பேசலாம், பழகலாம் என்றார். அவர் முடிக்கவில்லை, பிள்ளைகள் ஓட ஆரம்பித்துவிட்டன. எல்லாவற்றுக்கும் முன்னால் என் பிரதீபா. அல்லீ என்று கத்திக்கொண்டே தெருவில் பறந்தாள். மொத்த வகுப்பும் பின்னால் ஓடியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெரியநாயகி தலையைத் தூக்கினாள். எதிரில் நான்தான் நின்றேன். பேசலாம் என்று ஊர் சொன்ன பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை என்னிடம்தான்.

"அக்கா, அல்லி வீட்ல இல்லக்கா."

மேஸ்திரி ஆந்திராப் பக்கம் இருக்கும் பெரிய கம்பெனிக்கு ஆள் சேர்த்தானாம். அங்கேயே தங்க இடம், சாப்பாடு, பெண் பிள்ளைகளாக ஒரே கூட்டம். ஒரு வாரம் முன்னால் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ஏன் அனுப்பினாய், பாவி, இந்த அமாவாசை வரைக்கும் பொறுக்கக் கூடாதா, யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று நான் அவளைப் பிடித்து உலுக்கினேன்.

"யாருகிட்டக்கா சொல்றது?" என்றாள். "பசிக்காக அனுப்பலக்கா. அதுவேதான் கேட்டுச்சு. அங்க நிறையப் புள்ளைங்க இருக்குமாம்மா, என்னோட பேசுவாங்களாம்மான்னு கேட்டுச்சு. நான் என்னத்தச் சொல்லுவேன்?"

பூமிநாதன் மாமா மைக்கைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அதை நிறுத்தவில்லை. பெரியநாயகி அழுதது ஊர் முழுக்கக் கேட்டது.

நான் அவள் வீட்டுக்குப் போனபோது பிள்ளைகள் கலையாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தன. கதவு பூட்டியிருந்தது. ஒளிந்துகொண்டு விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்து ஒவ்வொருவராக ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அல்லி, வெளிய வாடி, எடுத்தாச்சு, நாங்க எல்லாரும் பேசுறோம், பாரு. பிரதீபா பூனைக்குட்டிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் பாதியில் நிறுத்தச் சொல்ல எனக்கு நெஞ்சு துணியவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் சும்மா இருக்கவில்லை. முருகானந்தம் சார் குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். தேடுகிறோம் என்றார்கள், தேடவும் செய்கிறார்கள். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று பெரியநாயகிக்குத் தெரியவில்லை. மேஸ்திரியின் போன் அணைந்தே கிடக்கிறது. பூமிநாதன் மாமாவும் என் வீட்டுக்காரரும் போட்டை நிறுத்திவிட்டு நெல்லூர் வரைக்கும் போய்க் கடலோரமெல்லாம் அலைந்துவிட்டு வந்தார்கள். எங்கே பார்த்தாலும் தகரக் கொட்டகையாக இருக்கிறது என்றார் மாமா. பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் இனி யார் வீட்டுக்கும் கட்டுப்பாடு போடுவதில்லை என்று ஊர் கூடி முடிவெடுத்தார்கள். நல்ல முடிவுதான். பெரியநாயகிக்கு ஏலக் கொட்டகையில் உட்கார்ந்த வேலை போட்டுக் கொடுத்தார்கள். முதலில் நாங்கள் கேட்டது இதைத்தானே? ஊர் முனையில் போர்டு அப்படியே இருக்கிறது. வேலைக்குப் போகும் குழந்தை எங்கள் ஊரில் இல்லை. உண்மைதான், அவள் எங்கள் ஊரில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் வந்தது. பெரியநாயகி வீட்டில் நானும் பிரதீபாவும் இருந்தோம். அவள் கைக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். புது நம்பர். பெரியநாயகியால் எடுக்க முடியாது என்று பிரதீபா எடுத்தாள். ஹலோ என்றாள். அந்தப் பக்கம் சத்தம் இல்லை. மறுபடி ஹலோ, யாரு என்றாள். மூச்சுவிடும் சத்தம் மட்டும் வந்தது. பிரதீபா ஸ்பீக்கரைப் போட்டாள்.

அல்லியின் குரல்தான். கரண்டியைப் பிடித்துக்கொண்டு செய்தி வாசிக்கிற குரல் இல்லை அது. சவுக்குத் தோப்பில் என் காதருகே கேட்டதே, அந்த ரகசியக் குரல்.

"பிரதீபா, எடுத்துட்டாங்களா? இப்ப நாம பேசலாமா?"

பிரதீபா வாயைத் திறந்தாள். பூனைக்குட்டி, சார், மீன் வண்டி, இத்தனை நாளாகச் சேர்த்து வைத்த எதுவும் வரவில்லை. பேசுடி, பேசு என்று நான் அவள் முதுகில் அடித்தேன். எந்த ஊர் என்று கேளுடி என்று பெரியநாயகி கதறினாள். அந்தப் பக்கம் அல்லி இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, "சரி, உங்க வீட்டையும் தள்ளி வச்சுடப் போறாங்க, நான் போனை வச்சுடுறேன்," என்றாள்.

அப்புறம் அந்த நம்பருக்கு நாங்கள் எத்தனை முறை போட்டும் யாரும் எடுக்கவில்லை.